வரிப்பணம் யாரு வூட்டுப் பணம்?

மயிலாப்பூரில் ஒரு வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வயிறு வளர்ப்பவன் நான். மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் ஏறுகிற நாட்களில் விசாலாட்சித் தோட்டத்திலிருந்தும் கால்வாய் ஓரத்திலிருந்தும் பெண்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். போன மாதம் அந்த வரிசையை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எல்லோர் காதிலும் விழும்படிச் சொன்னார்: "எல்லாம் எங்க டாக்ஸ் பணம் சார். இப்படித் தூக்கிக் குடுத்தா நாடு எப்படி உருப்படும்?" வரிசையில் நின்ற அக்கா ஒருத்தர் அவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன், ஏதோ வேலை இருக்கிற மாதிரி. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவர் சொன்ன டாக்ஸ் வருமான வரி. அது டெல்லிக்குப் போகிறது, அதில் ஒரு பங்குதான் திரும்பி வருகிறது. மாநில கஜானாவை நிரப்புவதில் சோப்புக்கும் செருப்புக்கும் பில்லோடு சேர்த்துப் பிடுங்கப்படும் ஜி.எஸ்.டி. இருக்கிறது, பெட்ரோல் வரி இருக்கிறது, பத்திரப்பதிவு இருக்கிறது. அப்புறம் டாஸ்மாக். 2023-24ல் அது ஒன்றே அரசுக்குக் கொண்டுவந்தது 45,855 கோடி ரூபாய். தி.நகரில் மூட்டை தூக்குகிறவனும் அடையாறில் சாக்கடை அடைப்பெடுக்கிறவனும் அதில் போட்டது எவ்வளவு? குடியை நான் நியாயப்படுத்தவில்லை. அதனால் நடுத்தெருவுக்கு வந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. ஆனால் கட்டினவன் கட்டினவன்தானே? அதிகாரியின் கையில் ரசீது இருக்கிறது, இவன் கையில் இல்லை.

சரி, வீண் எது? மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்து அண்ணா சாலைக்குப் போய் ஓமந்தூரார் தோட்டத்தின் எதிரில் நின்று பாருங்கள். புதிய தலைமைச் செயலகத்துக்கு அங்கே 2008 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஜெர்மன் நிறுவனத்தின் வரைபடம். 200 கோடியில் தொடங்கிய மதிப்பீடு ஆயிரம் கோடியைத் தாண்டிப் போனது. 2010 மார்ச் 13ல் பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறக்க வேண்டும், உச்சியில் குவிமாடம் முடியவில்லை. உடனே சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணியைக் கூப்பிட்டு செட் போட்டார்கள். கோடிக்கணக்கில் செலவு. ஒரு மாநிலத்தின் சட்டமன்றத்துக்குச் சினிமா செட்டில் தலைப்பாகை! இதை நான் கவிதையில் எழுதியிருந்தால் மிகை என்று நானே வெட்டியிருப்பேன்.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. ஜெயலலிதா அந்தக் கட்டடத்துக்குப் போகாமல் கோட்டைக்கே திரும்பினார். கோட்டையின் பழைய சட்டமன்றக் கூடத்தில் அதற்குள் செம்மொழி நூலகம் குடியேறியிருந்தது. புத்தகங்களைக் காலி செய்துவிட்டு நாற்காலிகளைப் போட்டார்கள். புதுக் கட்டடத்தை இடித்து மாற்றி 2014 பிப்ரவரியில் மருத்துவமனை ஆக்கினார்கள். கட்டியதில் நடந்த முறைகேட்டை விசாரிக்க நீதிபதி ரகுபதி தலைமையில் ஆணையம். அதன் விசாரணைக்கு 2015லேயே தடை வந்துவிட்டது, செலவுக்கு மட்டும் தடை இல்லை. 2018ல் உயர்நீதிமன்றம் கடிந்துகொண்டபோது ஆணையத்தின் கணக்கு நான்கு கோடியைத் தாண்டியிருந்தது. பிறகுதான் நீதிபதி விலகினார்.

ஆஸ்பத்திரி ஆனது நல்லதுதானே என்பார்கள். நல்லதுதான். நம் சனங்கள் நெஞ்சு வலிக்கு அங்கே போகிறார்கள், என் அம்மாவை நானும் அழைத்துப் போயிருக்கிறேன். ஆனால் ஏழைக்கென்று கட்டின ஆஸ்பத்திரி இல்லை அது. இரண்டு பேர் பகையில் ஏழையின் தட்டில் தவறி விழுந்தது.

போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தை நினைவில்லமாக்க 2020ல் 67.9 கோடியை நீதிமன்றத்தில் கட்டினார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் அந்தக் கையகப்படுத்தலையே ரத்து செய்தது. மெரினாவில் அவருடைய நினைவிடம் 50 கோடியில் தொடங்கி 80 கோடியை நெருங்கியது. கருணாநிதி நினைவிடத்துக்கு 39 கோடி, 2024 பிப்ரவரியில் திறந்தார்கள். இதில் எந்தக் கட்சிக்காரனும் இன்னொருவனைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

இதே ஊரில்தான் நமக்கு இடமில்லை என்கிறார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளை உச்சநீதிமன்ற உத்தரவின்பேரில் இடித்தார்கள். ஒரு பெரியவர் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு செத்துப்போனார். அதற்குப் பிறகுதான் மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியிலேயே வீடு தருவோம் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. பக்கத்திலேயே இடம் இருந்திருக்கிறது பாருங்கள்! ஒரு உயிர் போகும்வரை அது யார் கண்ணுக்கும் படவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்தும் கூவக்கரையிலிருந்தும் பெரும்பாக்கத்துக்கு லாரியில் ஏற்றப்பட்டவர்களுக்கு அந்த அறிவிப்புகூட இல்லை. வீட்டு வேலைக்கு அங்கிருந்து விடியலில் பஸ் ஏறி இதே மயிலாப்பூருக்குத்தான் வருகிறார்கள். அந்த பஸ் காசையும் தூக்கத்தையும் எந்த பட்ஜெட்டில் எழுதுவது?

நம் பெயரில் எழுதின பணமாவது நமக்கு வருகிறதா? மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கை ஒதுக்க வேண்டும் என்று 1979-80லேயே சிறப்பு உட்கூறுத் திட்டம் வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு இருபது பேர். டெல்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்கு இந்தத் திட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 கோடியைத் திருப்பிவிட்டார்கள். நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சர் ப.சிதம்பரமே தவறு என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஸ்டேடியத்தில் சேரிப் பிள்ளைகளும் உட்காரலாமே என்று விளக்கம் சொல்லாத வரைக்கும் லாபம்.

அம்பேத்கர் 1915ல் கொலம்பியாவில் எம்.ஏ.வுக்கு எழுதிய ஆய்வு, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றியது. வரி எவனிடம் வாங்கினார்கள், எதற்குச் செலவழித்தார்கள் என்று இருபத்துநாலு வயதில் கணக்குப் பார்த்திருக்கிறார். நாம் அவருக்கு மாலை போடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2023 செப்டம்பரில் உரிமைத்தொகையின் முதல் தவணை வந்தபோது, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பல வங்கிகள் அந்த ஆயிரத்திலேயே கை வைத்தன. நான் சம்பளம் வாங்குகிற இடமும் அதில் ஒன்று.

அந்த அதிகாரி அடுத்த மாதமும் வருவார். குனியாமல் பேசுவதாக இருக்கிறேன். தோழர்களுக்கு ஒரு வேலை: 2024ல் தமிழக அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் அந்தப் பணம் எந்தெந்தத் தலைப்பில், எந்தத் தெருவில் செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான். வருகிற பதிலை அப்படியே எங்களுக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் கவிதைப் பக்கங்களைக் குறைத்தாவது அச்சிடுகிறோம்.