குழந்தையின் பட்சத்தில் பேச ஒருவர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,



வீட்டில் அடிபட்டோ, பட்டினி கிடந்தோ, பெற்றவராலேயே கைவிடப்பட்டோ காவல் நிலையத்துக்கு வந்து சேரும் ஒரு குழந்தை குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்படும் வேளையில், போலீசாரின் தரப்பைச் சொல்லக் காவலர் இருக்கிறார். குழந்தைகள் இல்லத்தின் தரப்பைச் சொல்லக் கண்காணிப்பாளர் இருக்கிறார். பிள்ளையைத் திருப்பித் தரும்படி மன்றாடவோ அதட்டவோ உறவினர் இருக்கிறார்கள். ஆனால் அக்குழந்தையின் நன்மை ஒன்றையே தம் காரியமாகக் கொண்டு, முதல் நாள் தொட்டுக் கடைசி உத்தரவு வரையில் அதன் கூடவே வந்து பேசுவதற்கென்று ஒருவரும் இல்லை. ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலும், மேற்கே எங்கள் மாதவரம் வரையிலும் விரிந்து கிடக்கும் இந்த வடசென்னையில் நெடுங்காலம் வசித்தவள் என்ற முறையிலும், ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையிலும், இந்தக் குறைக்கு என் ஆட்சேபத்தைத் தங்கள் பத்திரிகை மூலம் சர்க்காருக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

சட்டத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை. இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று ஒரு சட்டம் இயற்றியது நம்முடைய சென்னை மாகாணந்தான். அது 1920-இல் பிறந்த பிறகே வங்காளமும் பம்பாயும் அவ்வழியில் வந்தன. இன்று அமலில் இருக்கும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ, கண்டெடுக்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் கொண்டுவர வேண்டும் என்றும், தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்ட அக்குழு மாதத்தில் 20 நாளாவது கூட வேண்டும் என்றும், குடும்ப நிலை பற்றிய சமூக விசாரணை 15 நாளில் முடிந்து நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு பிறக்க வேண்டும் என்றும் விதித்திருப்பதோடு, தன்னைப் பற்றிய எந்த முடிவிலும் தன் அபிப்பிராயத்தைச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்பதையும் ஒரு தத்துவமாகவே ஏற்றிருக்கிறது. எட்டுப் பிராயத்துச் சிறுமி ஒருத்தி, முன்பின் அறியாத ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள், தன்னை அடித்த சித்தப்பன் வாசலில் நிற்கும்போது, அந்த உரிமையை எப்படிப் பிரயோகிப்பாள் என்பதற்கு மட்டும் வழி செய்யப்படவில்லை.

நான் பணியில் இருந்தபோது என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். தாயில்லாதவள், தகப்பனுடைய குடியும் அதன் பின்விளைவுகளும் அவள் முழங்கையில் தெரிந்தன. அவள் தன் கதையை முதலில் என்னிடம் சொன்னாள். பிறகு ஒரு பெண் காவலரிடம் சொன்னாள். பிறகு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு நாங்கள் பேசியபின் வந்த ஊழியரிடமும், குழுவினரிடமும், இல்லத்து ஆற்றுப்படுத்துநரிடமும், நன்னடத்தை அலுவலரிடமும், அவர் மாற்றலாகிப் போன பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவரிடமும் அதையே சொல்ல வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். குழந்தை ஒத்துழைக்க மறுக்கிறது என்று அவளுடைய கோப்பில் எழுதப்பட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். சில மாதங்கள் கழித்து, பெரியப்பா முறை என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவர் கையெழுத்திட்டு அவளை அழைத்துச் சென்றார். அவர் குடியிருந்தது அவள் தகப்பன் குடியிருந்த அதே வீட்டின் மாடியில் என்பது அந்தத் தெருவில் உள்ள எவரைக் கேட்டாலும் தெரிந்திருக்கும், ஆனால் கேட்க வேண்டியது இன்னாருடைய வேலை என்று அங்கே வரையறுக்கப்பட்டிருக்கவில்லை. அவள் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. அந்தச் சங்கிலியில் இருந்த அதிகாரிகளில் கொடியவர் என்று ஒருவரையும் நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொருவரும் தம் பங்குக்கு உரிய படிவத்தைச் சிரத்தையோடு பூர்த்தி செய்தவர்களே. கோப்பு கைமாறிக்கொண்டே போயிற்று, கூட ஒருவரும் போகவில்லை.

எங்கள் பகுதியின் நிலைமை இந்தக் குறையை இன்னும் கடுமையாக்குகிறது. 2018-இல் மாதவரத்தில் புறநகர்ப் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது முதல் ஆந்திரப் பேருந்துகள் இங்கிருந்தே புறப்படுகின்றன, இங்கேயே வந்து சேருகின்றன. வீட்டை விட்டு ஓடிவரும் பிள்ளை முதலில் கால் வைக்கும் இடங்களில் ஒன்றாக அது ஆகியிருக்கிறது. மணலியின் ஆலைகளையும் கன்டெய்னர் கிடங்குகளையும், செங்குன்றத்து அரிசி ஆலைகளையும், திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளையும் நம்பி ஜீவனம் நடத்த வருகிற குடும்பங்களின் பிள்ளைகள் ஒடியாவும் தெலுங்கும் இந்தியும் பேசுகிறவர்கள். தமிழ் மட்டும் அறிந்த அலுவலர் முன் அவர்கள் தங்கள் ஊரின் பெயரைக்கூடச் சரியாகப் பதிவு செய்விக்க இயலாது. போதாததற்கு எல்லைத் தகராறு வேறு: மாதவரம் தாலுகா அதே 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது, செங்குன்றமோ திருவள்ளூர் மாவட்டத்தில் நிற்கிறது. வேலை தேடிச் சில மைல் தள்ளிக் குடியேறும் ஒரு குடும்பத்தின் குழந்தை வேறொரு குழுவின் பொறுப்புக்குப் போய்விடுகிறது; முந்தைய குழு அறிந்தவற்றைப் பிந்தைய குழுவுக்குச் சொல்லக் குழந்தையின் வாயைத் தவிர வேறு வாய் இல்லை.

இவை யாவும் அதிகாரிகள் கடமை தவறாதபோதே நேர்பவை. தவறினால் என்ன ஆகும் என்பதை வண்ணாரப்பேட்டை வழக்கு நமக்குக் காட்டிவிட்டது. 13 வயதுச் சிறுமி ஒருத்தி உறவினராலேயே பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட அவ்வழக்கில் 2022 செப்டம்பரில் 21 பேர் தண்டனை பெற்றார்கள். எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை, மற்றப் பதின்மூவருக்கு இருபதாண்டுச் சிறை. அந்தப் பதின்மூவரில் ஒருவர் எண்ணூர் காவல் நிலையத்தில் ஆய்வாளராக இருந்தவர். காக்க வேண்டிய உறவும் காக்க வேண்டிய உத்தியோகமும் சேர்ந்தே பொய்த்துப்போகக்கூடும் என்பதை அறிந்த பிறகும், இவ்விரண்டையும் சாராத மூன்றாமவர் ஒருவர் குழந்தைக்கு வேண்டும் என்பதற்கு மேலும் சாட்சியம் தேவையா?

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானால் அப்படி ஒருவர் கிடைக்க வழியிருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் விதிகள் அவரை ஆதரவு நபர் என்கின்றன. விசாரணையிலும் நீதிமன்றத்திலும் அவர் குழந்தையோடு இருப்பார். இந்த ஏற்பாட்டைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடலாகாது என்றும், தேர்ந்த தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியை அவருக்கு அளவாக வைக்காமல் தகுதிக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற ஊதியம் தர வேண்டும் என்றும் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியது. நல்லது. ஆனால் சூடு வைக்கப்பட்ட குழந்தைக்கும், சோறின்றிப் பூட்டி வைக்கப்பட்ட குழந்தைக்கும், பேருந்து நிலையத்தில் விட்டுச் செல்லப்பட்ட குழந்தைக்கும் அந்த ஆதரவு நபர் கிடையாது. துன்பத்தின் வகையைப் பார்த்துத் துணையை அளிப்பது எந்த நியாயத்தில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து நீதிபதி டேவிட் சூக்கப் என்பவர், குழந்தைகளைப் பற்றித் தாம் அளிக்கும் தீர்ப்புகளுக்குப் போதிய விவரம் தமக்குக் கிடைப்பதில்லையே என்று மனம் கலங்கி, 1977-இல், பொதுமக்களிலிருந்து தன்னார்வலரைத் தேர்ந்து பயிற்றி, அவர்களைக் கொண்டு குழந்தைகளின் நலனை நீதிமன்றத்தில் எடுத்துரைக்கும் முறையைத் தொடங்கினார். அது அந்நாடு முழுவதும் பரவியிருக்கிறது. நமக்கும் அது எட்டாததன்று. ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், செவிலியரும், துறைமுகத்திலும் ரயில்வேயிலும் பணி முடித்து வந்தவர்களும் இந்த வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களில் தெலுங்கும் இந்தியும் அறிந்தவர்களும் குறைவில்லை. வேண்டுவது, அவர்களுடைய பின்னணியைப் போலீசார் கடுமையாகச் சரிபார்ப்பதும் (குழந்தைகளை நாடி வரும் எல்லாரும் நல்லவர் அல்லர்), முறையான பயிற்சியும், கோப்பைப் பார்க்கவும் குழுவின் முன் பேசவும் முன்னறிவிப்பின்றி இல்லத்துக்கும் வீட்டுக்கும் செல்லவும் சட்டபூர்வமான அதிகாரமும் ஆகும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 110-ஆம் பிரிவு மாநில சர்க்காருக்கு விதி செய்யும் அதிகாரத்தை அளித்திருக்கிறது. பாராளுமன்றத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க அவசியமில்லை.

அத்தகைய ஒருவர் இருந்தால், குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்காமலே காக்கக்கூடிய சந்தர்ப்பங்களும் வெளிப்படும். வேலைக்குப் போகும் தாய், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்தவளைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது வறுமை. அதைக் கொடுமையென்று எழுதி அப்பெண்ணை இல்லத்தில் சேர்ப்பது அவளுக்கு இரண்டாவது தண்டனை. மத்திய சர்க்காரின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இத்தகைய குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு; நகரத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இப்படியொன்று இருப்பதை அந்தத் தாய்க்குச் சொல்லி, வருமானச் சான்றுக்குத் தாலுகா அலுவலகத்துக்கு அவளோடு நடப்பவர் யார்?

இத்தகைய விஷயங்களுக்குப் பத்திரிகை என்ன செய்யும் என்று சிலர் கேட்கக்கூடும். மாமல்லபுரத்து அநாதை இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்படுவதைப் பற்றிய ஒரு கட்டுரை உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்குப் போய், 2007-இல் வழக்காகி, நாட்டிலுள்ள குழந்தைகள் இல்லங்கள் அனைத்தும் பதிவு பெற்றாக வேண்டும் என்ற தீர்ப்பாக 2017 மே மாதத்தில் முடிந்தது. ராயபுரத்து அரசு இல்லத்தில் 35 பிள்ளைகளுக்குக் கொரோனா தொற்றிய செய்தி வெளியானபோதும், 2020 ஜூனில் அதே நீதிமன்றம் தானாகவே மாநில சர்க்காரிடம் விளக்கம் கேட்டது.

ஆகவே தங்களிடம் ஒரு குறிப்பான வேண்டுகோள். குழந்தைகள் நலக் குழு தன்னிடம் முடிந்த, முடியாத வழக்குகளைப் பற்றி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாவட்ட ஆட்சியருக்கு அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். சென்னை, திருவள்ளூர் ஆகிய இரு மாவட்டங்களின் அவ்வறிக்கைகளிலிருந்து, எந்தக் குழந்தையின் பெயரோ அடையாளமோ இல்லாமல், எத்தனை பேருக்கு நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு கிடைத்தது, வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேரைப் பிறகு ஒருவர் நேரில் சென்று பார்த்தார் என்ற இரண்டு விவரங்களை மட்டும் கேட்டு வாங்கித் தங்கள் பத்திரிகையில் வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
மாதவரம், சென்னை-60.