மஞ்சுளாவின் சாதி என்ன?

‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரைப் பார்க்கிற நம் தோழர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அபுவின் கல்யாண எபிசோடு எப்படியும் வந்துவிடும். 1997 நவம்பரில் ஒளிபரப்பானது. கால் நூற்றாண்டு தாண்டியும் கந்தர்வக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் பேருந்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கத்தான் வேண்டும். அத்தனை நன்றாக எழுதப்பட்ட எபிசோடு அது. என் சண்டை சிரிப்போடு அல்ல. சிரித்து முடித்துவிட்டு, “அரேஞ்சுடு மேரேஜ்கூட இப்படி அழகா இருக்கலாம்ல?” என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வியோடுதான்.

கதை இதுதான். அபு அமெரிக்காவில் மளிகைக்கடை நடத்தும் இந்தியர். சிறுவயதிலேயே மஞ்சுளா என்ற பெண்ணோடு பெரியவர்கள் நிச்சயம் செய்துவிட்டார்கள். வரதட்சணையும் பேசி முடித்தாயிற்று. இப்போது நாள் வந்துவிட்டது என்று அம்மாவிடமிருந்து கடிதம் வருகிறது. ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதாகப் பொய் சொல்லச் சொல்கிறான் ஹோமர். அம்மா நேரில் வந்து இறங்கிவிட, ஹோமரின் மனைவி மார்ஜ் அபுவின் மனைவியாக நடிக்க வேண்டியதாகிறது. குட்டு உடைகிறது. அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார், கல்யாணம் நடந்தே தீரும். சிம்ப்சன் வீட்டுக் கொல்லையில் பந்தல் போட்டு, யானையெல்லாம் வரவழைத்துக் கல்யாணம். பிள்ளையார் வேடம் போட்டு ஹோமர் அதைத் தடுக்கப் பார்க்கிறான். அதற்குள் முக்காடு விலகி மஞ்சுளாவின் முகம் தெரிகிறது. பேரழகி. கெட்டிக்காரி. அவளுக்குப் பிடித்த புத்தகம், படம், சாப்பாடு மூன்றையும் அபு கேட்க, மூன்றுக்கும் ஒரே பெயரைப் பதிலாகச் சொல்லி மடக்குகிறாளே, அந்த இடம் தொடரின் மிகச் சிறந்த நகைச்சுவைகளில் ஒன்று. சரி, இது ஒத்துவரும் போலிருக்கிறதே என்று இருவரும் நினைக்கிறார்கள். ஒத்துவராவிட்டால் இருக்கவே இருக்கிறது விவாகரத்து. அமெரிக்கா வாழ்க.

இந்தக் கதையில் சாதிக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். அம்மாவின் பிடிவாதம், நாட்டின் பழக்கம், வாக்கு கொடுத்த மானம் என்று எல்லாம் இருக்கின்றன. ஏன் அந்தப் பெண்தான், ஏன் அந்தக் குடும்பம்தான், ஏன் குழந்தைப் பருவத்திலேயே முடிச்சுப் போட்டார்கள் என்ற கேள்வி மட்டும் இல்லை. இந்தியத் திருமண ஏற்பாட்டின் எலும்பை உருவிவிட்டுத் தோலை மட்டும் பந்தலில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

அமெரிக்கக்காரனுக்கு இது எப்படித் தெரியும் என்று சமாதானம் சொல்லாதீர்கள். 1916 மே மாதம் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது மாணவர் ஒருவர் இந்தியாவில் சாதிகள் பற்றி ஆய்வுரை வாசித்தார். சாதியின் உயிர்நாடி அகமணமுறைதான் என்று அவர் அமெரிக்க மண்ணிலேயே விளக்கிவிட்டார். பெண்ணை யாருக்குக் கொடுப்பது என்ற கட்டுப்பாட்டிலிருந்துதான் சதி, கைம்மைக் கொடுமை, குழந்தை மணம் எல்லாம் கிளைத்தன என்றார். அந்த மாணவர் அம்பேத்கர். 81 ஆண்டுகள் கழித்து அதே குழந்தை நிச்சயத்தை அதே நாடு வேடிக்கையாக எடுத்துக்கொண்டது.

இனி அபுவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கணினி அறிவியலில் முனைவர் பட்டத்துக்காகக் கல்கத்தாவிலிருந்து போனவர். அசைவம் தொடாதவர். கடையில் பிள்ளையார் சிலை வைத்திருப்பவர். சாதிச் சான்றிதழ் காட்டாமலேயே நமக்குப் பாதி புரிந்துவிடுகிறது, இல்லையா? 1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றிப் படித்தவர்களுக்குக் கதவைத் திறந்தது. உள்ளே போன இந்தியர்களில் பெரும்பகுதி ஆதிக்கச் சாதியினர். அவர்களைப் பார்த்து வரைந்த சித்திரத்தில் சாதி தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. சாதியால் நன்மை அடைபவனுக்கு அது காற்றைப் போல. கண்ணில் படாது.

2017இல் ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக் கலைஞர் அபுவை விமர்சித்து ஓர் ஆவணப்படம் எடுத்தார். வெள்ளைக்கார நடிகர் ஒருவர் இந்திய உச்சரிப்பைக் கேலியாக்கிக் குரல் கொடுத்ததும், அதனால் பள்ளிக்கூடங்களில் பழுப்புநிறக் குழந்தைகள் பட்ட அவமானமும் அதில் பதிவாகின. நியாயமான விமர்சனம். குரல் கொடுத்த ஹேங்க் அசாரியா 2020 தொடக்கத்தில் அந்தப் பாத்திரத்திலிருந்து விலகினார். நல்லது. ஆனால் அந்த விவாதம் நடந்த ஆண்டுகளில் எழுதப்பட்டவற்றில் உச்சரிப்பைப் பற்றி வந்ததில் பத்தில் ஒரு பங்காவது மஞ்சுளாவின் கல்யாணத்தைப் பற்றி வந்ததா? நான் தேடியவரை கண்ணில் படவில்லை.

அதே 2020 ஜூனில்தான் சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவருக்குச் சாதிப் பாகுபாடு காட்டப்பட்டதாகக் கலிபோர்னியா அரசுத் துறை வழக்குத் தொடுத்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிபோர்னியா மாநிலமும் அப்படியொரு மசோதாவை நிறைவேற்ற, இந்து அமெரிக்கன் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் வரிந்துகட்டிக்கொண்டு எதிர்த்தன. 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசம் அதை நிராகரித்தார். நிறத்தால் அவமானப்படும்போது வலிக்கிற தோல், சாதியால் அவமானப்படுத்தும்போது மரத்துப்போகிறது.

இணையத்தில் ஊர் வம்பு வளர்ந்த கதையும் அந்தக் காலத்ததுதான். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் இருந்த முருகவேல் ஜானகிராமன் தமிழர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். அதில் திருமணப் பகுதிக்குத்தான் கூட்டம். அதுவே பின்னாளில் பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்து, இன்றைக்குச் சாதிக்கொரு தளம் வைத்திருக்கிறது. அபுவின் அம்மா இப்போது கடிதம் எழுத வேண்டியதில்லை. சாதி என்ற கட்டத்தில் ஒரு தட்டு தட்டினால் போதும்.

நம் ஊருக்கு வருவோம். முந்திரிக்காடும் செம்மண்ணுமான கந்தர்வக்கோட்டை சட்டமன்றத்துக்குத் தனித்தொகுதி. 2022 டிசம்பரில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வேங்கைவயல் இந்தத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. இங்கே வாழ்கிற எவருக்கும் “கட்டி வச்சா எல்லாம் சரியாப் போயிரும்” என்ற வாசகம் புதிதல்ல. வேறு சாதிப் பையனோடு பேசிய பெண்ணை இரவோடு இரவாக அத்தை வீட்டுக்கு அனுப்பி, ஒரே மாதத்தில் முறைமாமனுக்கு முடிச்சுப் போடும்போது சொல்கிற வாசகம் அது. அந்த எபிசோடு முடிகிற இடமும் அதுதான்: கட்டி வைத்தார்கள், சரியாகப் போய்விட்டது. மாப்பிள்ளை அழகைக் கண்டு சொக்கினான். பெண் அழகாக இல்லாமல் இருந்திருந்தால்? அவளுக்கு அவனைப் பிடிக்காமல் இருந்திருந்தால்? பெண்ணின் சம்மதத்தைக் கடைசி இரண்டு நிமிட நகைச்சுவைக்குத் தள்ளிவிட்டுத்தான் அந்தக் கதை இனிக்கிறது. அந்த இனிப்பைத் தொடரே நீட்டிக்க முடியவில்லை. 2002இல் அபு வேறொரு பெண்ணோடு உறவு வைத்துக்கொள்கிற எபிசோடு வந்தது. அதை யாரும் பிடித்த எபிசோடாகச் சொல்வதில்லை.

சரியாகப் போகாத கதை எப்படி முடியும் என்று நமக்குத் தெரியும். கந்தர்வக்கோட்டையிலிருந்து கிளம்பினால் தஞ்சை மாவட்ட எல்லை கொஞ்ச தூரம்தான். அந்த மாவட்டத்தில் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணுக்கு 19 வயது. திருப்பூரில் வேலை பார்த்தவள், தலித் இளைஞர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். போலீஸ் அவளைத் தகப்பனோடு அனுப்பிவைத்தது. 2024 ஜனவரி தொடக்கத்தில் அவள் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டாள். பெற்றோர் கைதானார்கள். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்ட தலித் இளைஞர் ஒரு மென்பொருள் பொறியாளர். கணினி படித்தால் சாதி விட்டுவிடும் என்று நம்புகிறவர்கள் அவர் வீட்டில் போய்ச் சொல்லட்டும்.

“கார்ட்டூனைக் கார்ட்டூனாப் பாருங்க தோழர், எல்லாத்துலயும் சாதி தேடாதீங்க” என்பார்கள். நான் தேடவில்லை. இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு 2011-12இல் கணக்கெடுத்தபோது, இந்தியத் திருமணங்களில் சுமார் 5 விழுக்காடுதான் சாதி கடந்தவை. அதாவது ‘அரேஞ்சுடு மேரேஜ்’ என்று நீங்கள் ஆங்கிலத்தில் மென்மையாகச் சொல்வதற்குத் தமிழில் சாதித் திருமணம் என்று பெயர். அழகான அரேஞ்சுடு மேரேஜும் அந்த 95க்குள் அடங்குகிறது. அம்மா அப்பா அன்பாகப் பார்த்துவைத்த மாப்பிள்ளையும் அதற்குள்தான். அன்பு, மரபு, ஜாதகப் பொருத்தம் என்று எந்தச் சட்டை போட்டு வந்தாலும் வேலியைக் காப்பதுதான் அதன் வேலை. வேலிக்கு உள்ளே இருக்கிறவரை அது தோட்டம் மாதிரிதான் தெரியும்.

ஹோமர் வீட்டுக் கொல்லையில் ஒரு கல்யாணம் நடக்க யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. இங்கே ஐயரும் தாலியும் இல்லாமல் இரண்டு பேர் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்பதைச் சட்டமாக்கவே 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுயமரியாதைத் திருமணத்துக்கு ஊரறிய விழா தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்த 2023 ஆகிவிட்டது. சாதி மறுப்புத் தம்பதிகளுக்கு அரசு கொடுக்கிற நிதியுதவித் திட்டத்தின் பெயரைப் பாருங்கள்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுத் திட்டம். அந்த அம்மையார் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனாலும் சாதி ஒழிப்புக்கான காசோலையை ஒரு சாதிப் பட்டத்தின் பெயரில்தான் தர முடிகிறது நம்மால்.

சாதி ஆணவக் கொலைகளைத் தடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப்பிரிவு, காதலர்களுக்குப் பாதுகாப்பு இல்லம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சிலேயே வழிகாட்டுதல் தந்துவிட்டது. தனிச்சட்டத்துக்குப் பரிந்துரை தர ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தச் சட்டத்தில் கொலைக்குத் தண்டனை இருந்தால் மட்டும் போதாது, கொலைக்கு ஏற்கெனவே தண்டனை இருக்கிறது. வயது வந்த பெண்ணைக் காவல் நிலையத்திலிருந்து அவள் விருப்பத்துக்கு மாறாகப் பெற்றோரோடு அனுப்புகிற அதிகாரி சிறைக்குப் போக வேண்டும். கட்டாய நிச்சயதார்த்தமும் வீட்டுக்காவலும் குற்றமாக எழுதப்பட வேண்டும். மஞ்சுளாவிடம் முதலில் கேட்டாக வேண்டும், பந்தல் போடுவதற்கு முன்பே.