தரிசு என்னும் பெயரும் செம்பொறை மேய்ச்சல் நிலத்தின் தரமும்

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியை அடுத்துள்ள அமராவதிபுதூர் வட்டாரத்து நிலம் இரு முகங்களை உடையது. கண்மாய்க்குக் கீழே நெல் விளையும் நன்செய் ஒரு முகம். கண்மாய்க்கு மேலே செந்நிறச் சரளையும் முட்புதரும் இடையிடையே புல்லுமாக ஆடுமாடுகள் மேயும் மேட்டு நிலம் மற்றொரு முகம். நன்செயின் தரத்தை வரப்புக்கு வரப்பு வேறுபடுத்திச் சொல்லவல்ல குடியானவர்கள், மேட்டு நிலத்தைப் பற்றிக் கேட்டால் "தரிசு" என்னும் ஒரே சொல்லில் முடித்து விடுகின்றனர். கிராமக் கணக்குகளும் பெரும்பாலும் அவ்வாறே கூறுகின்றன. அச்சொல் மண்ணின் இயல்பைக் குறிப்பதன்று; அந்நிலம் உழப்படவில்லை என்பதையும், அதனால் தீர்வை வரவில்லை என்பதையுமே குறிக்கிறது. பெயரில் நேர்ந்த இப்பிழை நிலத்தையே அழிக்கும் அளவுக்கு வந்துவிட்டதாதலின், மேய்ச்சல் நிலத்தை மண்ணின் குணத்தைக் கொண்டு தரம் பிரிப்பது இனியும் தள்ளிப்போடத் தக்கதன்று.

மண்ணின் பிறப்பு

செட்டிநாட்டு மேட்டு நிலங்களில் மிகுதியாகக் காணப்படுவது செம்பொறை மண். சரளை மண் என்றும், ஆழமுள்ள இடத்தில் செவல் என்றும் குடியானவர்கள் வழங்குவர். இதன் அடியில் கிடக்கும் செம்புராங்கல்லை வெட்டிச் சுவர் எழுப்புவதும் கிணறு கட்டுவதும் இவ்வட்டாரத்தில் தொன்றுதொட்டு உள்ள வழக்கம். இத்தகைய கல்லை 1800ஆம் ஆண்டில் மலையாள நாட்டு அங்காடிப்புரத்தில் கண்ட பிரான்சிஸ் புக்கானன், செங்கல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து "லேட்டரைட்" என்னும் பெயரை அமைத்து, 1807இல் வெளியான தமது நூலில் எழுதினார். உலகெங்கும் மண் நூல்களில் நிலைத்துவிட்ட அப்பெயர் தென்னாட்டு மண்ணைக் கண்டே பிறந்தது.

நெடுங்காலம் மழையும் வெயிலும் மாறிமாறித் தாக்குவதால் பாறை சிதைகிறது. சுண்ணாம்பு, மணிச்சாம்பல் முதலிய உப்புகள் நீரில் கரைந்து போய்விடுகின்றன. கரையாத இரும்பும் அலுமினியமும் எஞ்சி நிற்கின்றன. அவ்விரும்பே இம்மண்ணுக்குச் செந்நிறத்தைத் தருகிறது. ஈரமுள்ள வரையில் மண்வெட்டிக்கு இணங்கும் இவ்விரும்புப் படலம், மேல்மண் நீங்கிக் காற்றும் வெயிலும் படுமாயின் கல்லாக இறுகிவிடும். இறுகிய பின் எத்தனை மழை பெய்தாலும் மீண்டும் மண்ணாக இளகுவதில்லை. இம்மண்ணைப் பற்றி அறியவேண்டியவற்றுள் இதுவே தலையாயது.

அதன் குணங்கள்

இப்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயினும் வெயிலால் ஆவியாகிப் போகக்கூடிய நீர் அதனினும் மிகுதி. ஆதலால் இது அரைவறட்சிப் பிரதேசம் எனப்படுகிறது. இங்கே ஒரு நிலத்தின் பயனை முடிவு செய்வது பெய்யும் மழையைக் காட்டிலும் மண் தன்னுள் நிறுத்தி வைக்கும் மழையே. செம்பொறை மண்ணில் களிப்பு குறைவு. உள்ள களிப்பும் நீரையும் உரச்சத்தையும் சிறிதளவே பற்றவல்ல இனத்தைச் சேர்ந்தது. இடும் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொண்டு வேருக்கு எளிதில் விடுவதில்லை. மண் பெரும்பாலும் சற்றே புளிப்புத் தன்மை உடையது. மூடாக்கின்றிக் கிடக்கும் செவலில் மழைத்துளி விழும்போது மேற்பரப்பு ஏடுபோல் படிந்து இறுகுகிறது. அதன்பின் நீர் உள்ளே இறங்காது வழிந்தோடுகிறது.

புல்லின் அருமை இங்கேதான் விளங்கும். புல்லின் தூர் மழைத்துளியின் வேகத்தைத் தாங்குகிறது. வேர் மண்ணைத் துளையிட்டு நீரை உள்ளே விடுகிறது. புல் ஒழிந்த சரிவிலிருந்து மேல்மண் கரைந்து, வரத்துக்கால் வழியாகக் கண்மாயின் உட்பரப்பில் படிகிறது. அமராவதிபுதூரை ஒத்த கண்மாய்ப் பாசன ஊர்களில் மேட்டு மேய்ச்சல் நிலமே கண்மாய்க்கு நீர் தரும் இடமாகும். மேட்டை அழித்தவன் தன் நன்செய்க்கு வரும் நீரையே குறைத்துக்கொள்கிறான். ஒரு சென்ட் தரிசும் இல்லாத மிராசுதாரும் இவ்விஷயத்தில் அக்கறை கொள்ளவேண்டிய காரணம் இதுவே.

வழக்கிலுள்ள பாகுபாடுகள்

நிலத்தைப் பிரித்தறிவது தமிழருக்குப் புதிதன்று. காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்றும், அது ஆயர் வாழும் நிலம் என்றும் முன்னோர் வகுத்தனர். மேய்ச்சலுக்கு உரிய நிலம் ஒரு குறைபாடாக அன்றித் தனக்கென ஒரு தொழிலை உடைய நிலமாகவே அவர்களால் கருதப்பட்டது.

பிற்காலத்து ரயத்துவாரித் தீர்வைத் திட்டத்தில் மண்ணைக் கரிசல், செவல் முதலிய இனங்களாகவும், களிப்பும் மணலும் கலந்துள்ள அளவைக் கொண்டு வகுப்புகளாகவும், அவற்றை மேலும் தரங்களாகவும் பிரித்தனர். 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின் இவ்வட்டாரத்து ஜமீன் கிராமங்களும் ரயத்துவாரி முறைக்கு வந்தன. உழவு நிலத்தைப் பொறுத்தமட்டில் அப்பாகுபாடு நுட்பமானது. ஆனால் அதன் நோக்கம் தீர்வை விதிப்பது. உழப்படாத நிலம் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்ச்சல் புறம்போக்கு என்று மட்டும் எழுதப்பட்டது. இரண்டு முழ ஆழமுள்ள செவலும், கல்லின்மேல் நான்கு விரற்கடை மண் கிடக்கும் பொட்டலும் ஒரே தலைப்பின்கீழ் அடங்கின. 1980இல் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிந்து, பின்னர்க் கிராம நிர்வாக அலுவலர் பதவி ஏற்பட்டபோதும் இத்தலைப்புகள் மாறவில்லை.

விஞ்ஞான முறையிலான பாகுபாடு வேறு வகையானது. அமெரிக்க நாட்டு விவசாய இலாகா 1975இல் வெளியிட்ட மண் வகைப்பாட்டு முறையில் இன்று பன்னிரண்டு பெரும் வரிசைகள் உள. அதன்படி, கீழடுக்கில் களிப்புச் சேர்ந்து உப்புச்சத்து முற்றும் கரையாதிருக்கும் செவல் ஆல்ஃபிசால் வரிசையிலும், அடுக்குகள் தெளிவாக உருவாகாத ஆழமற்ற மண் என்டிசால், இன்செப்டிசால் வரிசைகளிலும் சேரும். 1976இல் நாகபுரியில் ஏற்பட்ட தேசிய மண் அளவைத் துறையும் இம்முறையையே தழுவி இந்திய மண்களை வகுத்து வருகிறது. இப்பெயர்களைக் குடியானவர் மனப்பாடம் செய்யவேண்டுவதில்லை. இம்முறை மேல்மண்ணைப் பார்ப்பதோடு நில்லாமல் குழி வெட்டி அடுக்குகளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது என்பதை மட்டும் அறிந்தால் போதும்.

2015 முதல் வழங்கப்பட்டு வரும் மண்வள அட்டை பயனுள்ளதே. ஆனால் அது கார அமிலநிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து, பேரூட்டங்கள், நுண்ணூட்டங்கள் ஆகிய பன்னிரண்டு விஷயங்களைக் கூறுகிறதேயன்றி, மண்ணின் ஆழத்தையும் சரளையின் அளவையும் கூறுவதில்லை. உரமிடும் பயிர் நிலத்துக்கு அது ஏற்றது. மேய்ச்சல் நிலத்திற்கோ அது கூறாத இரண்டுமே முதன்மையானவை.

தரம் பிரிக்கும் வழி

நிலத்தை அதன் தகுதியால் எட்டு வகுப்பாகப் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. அதில் முதல் நான்கு உழவுக்கும், அடுத்த மூன்று புல்லுக்கும் மரத்துக்கும், எட்டாவது நீர்ப்பிடிப்புக்கும் காட்டுயிர்களுக்கும் உரியவை. இம்முறையின் கருத்தைக் கிராமத்தளவில் மூன்று தரங்களாகச் சுருக்கிக் கையாளலாம். வேண்டிய கருவி ஒரு கடப்பாரையும் ஒரு மண்வெட்டியுமே. சரிவின் உச்சியில் ஒன்று, இடையில் ஒன்று, அடியில் ஒன்று எனக் குழி வெட்டி, கடப்பாரை கல்லில் மோதும் ஆழத்தை அளந்து குறிக்கவேண்டும்.

முதல் தரம், இரண்டு முழத்துக்கு மேல் ஆழமும் குறைந்த சரளையும் உடையது. சரிவுக்குக் குறுக்கே வரப்பிட்டு, தொழுவுரம் இட்டு, நிலக்கடலையோ பயறு வகையோ முந்திரியோ வைக்க இது தாங்கும். இரண்டாம் தரம், ஒரு சாணுக்கு மேற்பட்டு இரண்டு முழத்துக்கு உட்பட்டது. இதைப் புல்லுக்கே விடுவது நன்று. கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் கலந்து விதைத்து, இடையிடையே வெள்வேல் மரம் வளர்க்கலாம். மூன்றாம் தரம், ஒரு சாணுக்கும் குறைந்தது. இதில் ஏரும் இயந்திரமும் இறங்கலாகாது. மழைக்காலத்தில் சில மாதம் மேய்ச்சலை நிறுத்தி, புல் விதை உதிர இடங்கொடுப்பதே இதற்குச் செய்யத்தக்க பேருபகாரம்.

புல்லின் இனமும் நிலத்தின் நிலையைக் காட்டும். கொழுக்கட்டைப் புல் தழைத்திருந்தால் நிலம் நன்னிலையில் உள்ளது. அது மறைந்து, கால்நடை விரும்பாத துடைப்பப் புல்லும் வெறுமண் திட்டுகளும் பெருகினால் மேய்ச்சல் அளவு கடந்துவிட்டது என்று அறியலாம்.

ஆட்சேபங்களும் விடையும்

உழவுக்கு மாடு வைத்திருந்த காலம் போய் இயந்திரம் வந்துவிட்டபின் மேய்ச்சல் நிலம் எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். வெள்ளாடும் செம்மறியும் கறவை மாடும் வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அவற்றுள் நிலமற்றவர்களே மிகுதி. அவர்களுக்குத் தரிசே நன்செய். நிலமற்ற ஏழைகளுக்குத் தரிசைப் பங்கிட்டுக் கொடுப்பது நல்லதன்றோ என்பது மற்றொரு கேள்வி. அது நியாயமான கேள்வியே. முதல் தரத்து நிலத்தைப் பொறுத்தமட்டில் அதற்கு ஆட்சேபம் இருக்கவேண்டியதில்லை. ஆனால் மூன்றாம் தரத்துப் பொட்டலை ஒருவனுக்கு அளித்து உழச் சொல்வது, அவனுக்குக் கடனையும் ஊருக்கு வண்டலையும் அளிப்பதாகவே முடியும். தரம் பிரியாமல் இவ்விரண்டையும் வேறுபடுத்த வழியில்லை.

தைல மரமும் சரளை வியாபாரமும் பணம் தருகின்றனவே என்பது மூன்றாவது. தைல மரத்தோப்பின் அடியில் புல் செழிப்பதில்லை. சரளையைப் பெயர்த்தெடுத்த குழியிலோ எதுவும் முளைப்பதில்லை. வெளிப்பட்ட அடுக்கு கல்லாகிவிடுகிறது. ஒரு முறை விற்ற சரளைக்கு மறு மகசூல் இல்லை.

செட்டிநாட்டினும் மழை குறைந்த காங்கயம் வட்டாரத்தில் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். முள்கிளுவை வேலி, வெள்வேல் மரம், கொழுக்கட்டைப் புல் ஆகிய மூன்றும் அதன் அங்கங்கள். பட்டிபட்டியாக மாற்றி மேய்ப்பது அதன் முறை. புகழ்பெற்ற காங்கயம் மாடு அதன் விளைவு. அங்கே அந்நிலத்தை ஒருவரும் தரிசு என்று இகழ்வதில்லை. ஊர்ப்பொது மேய்ச்சல் நிலத்தில் அம்முறையை அப்படியே நடத்த இயலாதாயினும், மாற்றி மேய்ப்பதையும் மழைக்கால ஓய்வையும் ஊரார் ஒருமித்து ஏற்க முடியும். செட்டிநாட்டிலேயே அரசினர் கால்நடைப் பண்ணையும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையமும் இருப்பதால் விதைக்கும் யோசனைக்கும் தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை.

செய்யவேண்டுவன

கிராம நிர்வாக அலுவலர் மேய்ச்சல் புறம்போக்கின் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் குழி வெட்டிப் பார்த்த ஆழத்தைக் குறிப்பாக எழுதி வைப்பாராயின், பின்வரும் அதிகாரிகள் யாவருக்கும் அது வழிகாட்டும். ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி அவற்றைக் காக்கவேண்டும் என 2011இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அவருக்குத் துணையாக உள்ளது. நிலமுடையோர் தத்தம் மேட்டுப் பட்டாவில் மூன்று குழி வெட்டிப் பார்ப்பது அரை நாள் வேலை. ஊராட்சியார் கிராம சபையில் இவ்விவரத்தைப் படித்து, மழைக்காலத்தில் எப்பகுதிக்கு ஓய்வளிப்பது என்று தீர்மானித்தால் அதற்கு ஒரு காசும் செலவில்லை.

மேல்மண் ஒரு விரற்கடை உண்டாவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. அது போவதற்கு ஒரு கனமழை போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் குழிகளை வெட்டி அளந்துவிட்டால், அடுத்த கோடைக்குள் எந்த நிலம் ஏருக்கு, எந்த நிலம் புல்லுக்கு, எந்த நிலம் ஓய்வுக்கு என்பது ஊரார் அனைவருக்கும் தெளிவாகிவிடும்.