கடைக்காரருக்கும் அவகாசம் வேண்டும்

2025 செப்டம்பர் 3 இரவு, ஜிஎஸ்டி கவுன்சில் வரி விகிதங்களைக் குறைத்து அறிவித்தது. செப்டம்பர் 22 முதல் அமல். இடையில் கிடைத்தது 19 நாட்கள். சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கியது. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5 ஆயின. நோட்டுப் புத்தகம், பென்சிலுக்கு வரியே இல்லை என்றானது. வாங்குகிறவர்களுக்கு நல்ல சேதிதான்.

மளிகைக் கடையின் பில்லிங் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு அது வேறு மாதிரி வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பொருளாகத் திறந்து விகிதத்தை மாற்ற வேண்டும். அலமாரியில் இருப்பதோ பழைய எம்ஆர்பி அச்சிட்ட சரக்கு. பேப்பரில் செய்தியைப் படித்துவிட்டு வந்த வாடிக்கையாளர், இன்னும் ஏன் பழைய விலை என்று கேட்கிறார். மென்பொருளை விற்றுவிட்டுப் போனவர் போனை எடுப்பதில்லை. வரி மாறிய அன்றுதான் நவராத்திரியும் தொடங்கியது. பண்டிகைச் சரக்கு வேறு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய அங்காடிகளுக்கு இந்த வேலையைப் பார்க்கத் தனிப் பிரிவு இருக்கிறது. தெருமுனைக் கடையில் கல்லா, கொள்முதல், கணக்கு, கம்ப்யூட்டர் எல்லாமே ஒருவர்தான்.

இது ஒரு நாள் கூத்தாக இருந்தால் தலையங்கம் தேவைப்படாது. 2016 நவம்பர் 8-ல் பணமதிப்பு நீக்கம். அதே ஆண்டில் யுபிஐ. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி. 2018-ல் சரக்கு அனுப்புவதற்கான இ-வே பில். 2020 ஜூலையில் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் என்று தொடங்கிய இ-இன்வாய்ஸ், படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தொட்டது. 2025 ஏப்ரல் முதல், இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களுக்குள் நுழைய ஒடிபி எல்லோருக்கும் கட்டாயம். இவை அரசு கொண்டுவந்தவை. உணவு விநியோகச் செயலிகள், பத்து நிமிட மளிகை, வாட்ஸ்அப் வியாபாரம், இப்போது கடைக்குக் கடை ஏறி இறங்கும் ஏஜென்ட்டுகள் விற்கும் செயற்கை நுண்ணறிவு என்று சந்தை கொண்டுவந்தவை தனி. பத்து ஆண்டுகளுக்குள் இத்தனை.

சிறு வணிகர்கள் திணறுகிறார்கள் என்றால் உடனே வரும் பதில், அவர்கள் மாற மாட்டார்கள் என்பது. இதைவிடப் பொய்யான குற்றச்சாட்டு இருக்க முடியாது. இளநீர் வண்டியில் க்யூஆர் அட்டை தொங்குவதற்கு எந்தப் பயிற்சி முகாமும் நடக்கவில்லை. 2025 ஆகஸ்டில் யுபிஐ பரிவர்த்தனைகள் ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டின. அந்த எண்ணிக்கைக்குள் பூக்காரம்மாவும் டீக்கடைக்காரரும் இருக்கிறார்கள்.

யுபிஐ எப்படி உள்ளே வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2020 ஜனவரி முதல் வணிகரிடம் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. அதைவிட முக்கியம், கல்லாப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஸ்பீக்கர் பெட்டி. சாயங்கால நேரம், ஒரு கையில் தராசுத் தட்டு, மறு கையில் பொட்டலம், எதிரே ஆறேழு பேர். போனை எடுத்துக் குறுஞ்செய்தி பார்க்க நேரம் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டுதான் போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நழுவியவர்கள் இருந்தார்கள். பெட்டி வந்த பிறகு, இத்தனை ரூபாய் வந்தது என்று தமிழில் அதுவே சொல்கிறது. படிக்க வேண்டாம், பொத்தானை அழுத்த வேண்டாம், திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். மாத வாடகை கேட்டாலும் பெரும்பாலோர் முணுமுணுக்காமல் கொடுக்கிறார்கள். கடைக்காரரின் வேலையைத் தெரிந்துகொண்டு வந்த தொழில்நுட்பத்துக்கு இந்த ஊரில் எதிர்ப்பே இருந்ததில்லை.

அப்படி நம்பி ஏற்றவர்களுக்கு என்ன கிடைத்தது? 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவுகளைக் கூட்டிப் பார்த்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரரிடம் 29 லட்சம் ரூபாய் கேட்கப்பட்டது. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்பது துறைக்குத் தெரியாததல்ல. பெங்களூருவில் க்யூஆர் அட்டைகள் கழற்றப்பட்டு, ரொக்கம் மட்டும் என்ற பலகைகள் ஏறின. வணிகர்கள் போராட்டம் அறிவித்த பிறகே அரசு இறங்கிவந்தது. அதற்கு முன், 2023-ல் கேரளத்தில் வேறொரு கதை: யாரோ ஒரு மோசடிக்காரரின் பணம் சில நூறு ரூபாய் தங்கள் கணக்கில் வந்துவிட்டதற்காக, கடைக்காரர்களின் முழு வங்கிக் கணக்கும் முடக்கப்பட்டது. இதையெல்லாம் பார்த்த ஒருவர் புதிய செயலி என்றதும் தயங்குவதற்கு அறியாமை என்று பெயர் வைப்பது நியாயமாகாது.

இன்னொரு அநியாயமும் இருக்கிறது. 2018 பிப்ரவரி 1-ல் இ-வே பில் தளம் நாடு முழுக்கத் தொடங்கிய அன்றே படுத்துவிட்டது. அரசு தனக்குத் தானே இரண்டு மாதம் அவகாசம் கொடுத்துக்கொண்டு ஏப்ரல் 1-ல் மறுபடி ஆரம்பித்தது. 2025 ஜனவரியில் ஜிஎஸ்டி தளம் முடங்கியபோது கெடு இரண்டு நாள் நீண்டது. கடைக்காரர் தடுமாறினால்? தாமதமான ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய். வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் 20 ரூபாய்.

கோவையின் அன்னபூர்ணா உணவகக் குழுமத்தின் சீனிவாசன், 2024 செப்டம்பரில் நிதியமைச்சர் முன்னிலையில் பேசியது நினைவிருக்கும். பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம், பில் போடுவதற்குள் கம்ப்யூட்டரே திணறுகிறது என்று அவர் சொன்னதைக் கேட்டு அரங்கம் சிரித்தது. பிறகு அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது தனி அரசியல். அவ்வளவு பெரிய நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கே அந்த நிலை என்றால், நாலு மேசை போட்ட பேக்கரியில் என்ன நடக்கும்? ஆடிட்டர் அலுவலகத்தைக் கேட்க வேண்டியதுதான். பல சிறு கடைகளின் ஜிஎஸ்டி கணக்குக்கு ஒடிபி போவதே ஆடிட்டரின் போனுக்குத்தான். தன் பெயரில் என்ன தாக்கலானது என்பது முதலாளிக்குத் தெரிவது நோட்டீஸ் வரும்போது. அந்த நோட்டீஸும் ஆங்கிலப் படிவத்தில் வருகிறது. பெயர்ப் பலகை தமிழில் இல்லையென்றால் அபராதம் என்று கடைக்காரரிடம் சொல்லும் மாநிலத்தில் இது நடக்கிறது.

ஆகவே கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் இருப்பவர்களுக்கு, படிவம், தளம், உள்நுழைவு முறை சார்ந்த எந்த மாற்றமும் ஏப்ரல் 1-ல் மட்டுமே அமலாக வேண்டும். முந்தைய அக்டோபருக்குள் அது அறிவிக்கப்பட வேண்டும். வரிக் குறைப்பைப் போல நடுவில் வருவதைத் தள்ளிப்போட வேண்டாம். முதல் காலாண்டில் நேரும் தவறுக்கு அபராதம் கூடாது, அவ்வளவுதான். போலி பில் மோசடி பெருகுமே என்பார்கள். மோசடி உண்மை. ஆனால் கோடிக்கணக்கில் உள்ளீட்டு வரியை ஏய்க்கும் கும்பலைப் பிடிக்க, சிறு கடையின் படிவத்தை ஆண்டு நடுவில் மாற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. நோட்டீஸும் பிழைச் செய்தியும் தமிழில் வர வேண்டும். ஒவ்வொரு வணிகவரி அலுவலகத்திலும், படிவத்தை எதிரே வைத்துக்கொண்டு விளக்கிச் சொல்ல ஓர் ஆள் உட்கார வேண்டும்.

வணிகர்களும் ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாம். சட்டம் கட்டாயமாக்கியது வேறு, ஏஜென்ட் கட்டாயம் என்று சொல்வது வேறு. இரண்டாவதற்கு முடியாது என்று சொல்லலாம். ஆறு மாதம் கழித்துப் பக்கத்துக் கடையில் விசாரித்துவிட்டும் வாங்கலாம். இந்த வடிகட்டும் வேலையைச் சங்கங்கள் ஏற்க வேண்டும். மே 5 வணிகர் தினத்தில் பெரும் மாநாடு கூட்டத் தெரிந்தவர்களுக்கு, கடைவீதிக்கு ஒரு படித்த இளைஞரைச் சந்தாப் பணத்தில் அமர்த்துவது முடியாத காரியமல்ல.

ஜிஎஸ்டி கவுன்சிலில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இருக்கை உண்டு. ஏப்ரல் 1 கோரிக்கையை அடுத்த கூட்டத்தில் எழுத்து மூலம் வைக்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. தமிழில் விளக்கம் சொல்லும் ஆளை அமர்த்த டெல்லியின் அனுமதியும் தேவையில்லை. மாநில வணிகவரித் துறை ஓர் உத்தரவு போட்டால் போதும்.