ஃபைப்ரோமயால்ஜியா விழிப்புணர்வுக்குச் சட்டம் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் – குடும்பத்தினர் சங்கம்,
மதுரை.

பெறுநர்
மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்கள்,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: ஃபைப்ரோமயால்ஜியா என்னும் நாள்பட்ட உடல்வலி நோய் – விழிப்புணர்வுக்கான சட்டமுன்வடிவு கொண்டுவரக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

"உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்று வருபவருக்கு ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்து, "ரிப்போர்ட் நார்மல்" என்று அனுப்பிவிடுகிறார்கள். இந்நோயில் ரிப்போர்ட் நார்மலாகத்தான் இருக்கும். மூளையும் தண்டுவடமும் வலியைக் கையாளும் விதத்தில் ஏற்படும் மாற்றம் இந்தப் படங்களில் விழுவதில்லை. மூன்று மாதங்களுக்கு மேல் உடல் முழுக்க வலி, தூங்கி எழுந்தும் தீராத அசதி, மறதி ஆகியவற்றை நோயாளி வாயால் கேட்டுத்தான் கண்டறிய வேண்டும். உடலில் 18 இடங்களை அழுத்திப் பார்க்கும் முறை 1990இல் வகுக்கப்பட்டது. 2010இல் வந்த விதிமுறைகள் அதுகூட இல்லாமல், அறிகுறிகளைக் கேட்டே முடிவு செய்ய வழிவிட்டன. எனவே ஸ்கேன் வசதியில்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதைக் கண்டறியலாம். இப்படியொரு நோய் உண்டு என்று அங்கிருப்பவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

தெரியாததால் நடப்பது என்ன? மருந்துக்கடையில் பெயர் எழுதாத காகித உறையில் வலி மாத்திரை "செட்" கிடைக்கிறது. அதில் ஸ்டீராய்டு இருப்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, வயிறு புண்ணான பிறகே தெரியவருகிறது. நோயாளிகளில் பெண்களே அதிகம் என்பதால் வீட்டில் "வேலைக்குப் பயந்து நடிக்கிறா" என்ற பேச்சு வேறு. வேலையிடத்தைப் பொறுத்தவரை, கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டப்பேரவையே சட்டம் இயற்றியதை நன்றியுடன் நினைவுகூர்கிறோம். ஆனால் பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கும் பெண் ஜவுளிக்கடையில் அடிக்கடி உட்கார்ந்தால் மேற்பார்வையாளரின் முகம் மாறத்தான் செய்கிறது.

சட்டம் போட்டால் வலி போய்விடுமா என்று எங்களையே சிலர் கேட்டார்கள். போகாது. ஆனால் அரசாணையின் பேரில் நடக்கும் முகாம் ஒரு பேனர், ஒரு புகைப்படத்தோடு முடிந்துவிடுகிறது. அதிகாரி மாறினால் அதுவும் இல்லை. பொதுசுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளதால், இதற்கு மாநிலமே சட்டம் இயற்றலாம். 1939லேயே பொதுசுகாதாரச் சட்டம் கண்ட மண் இது.

ஆகவே, இந்நோயைப் பெயர் குறிப்பிட்டு அங்கீகரிக்கும் சட்டமுன்வடிவை வரும் கூட்டத்தொடரிலேயே கொண்டுவர வேண்டுகிறோம். உலக நாடுகள் பலவற்றில் அனுசரிக்கப்படும் மே 12ஐ மாநில விழிப்புணர்வு நாளாக அது அறிவிக்க வேண்டும். அதைவிட முக்கியமானது பயிற்சி: அரசு மருத்துவர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்கள் அனைவருக்கும் ஆண்டுதோறும் பயிற்சி கட்டாயமாக்கப்பட வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்க வீடுதேடி வருபவர், "மூணு மாசமா மேல் வலி இருக்கா?" என்று கேட்க அதிக நேரம் ஆகாது. அத்திட்டத்தில் ஏற்கெனவே இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையைவிடப் படிப்படியான உடற்பயிற்சியே பலனளிக்கும் இந்நோய்க்கு அவர்களே பெரிய துணை. நடந்த பணிகள் குறித்து ஆண்டறிக்கை பேரவையில் வைக்கப்பட வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 21 வகைகளில் இந்நோய் இல்லை. அதில் சேர்ப்பது ஒன்றிய அரசின் கையில் இருப்பதால், மாநில அரசு பரிந்துரைக் கடிதம் அனுப்பினால் போதுமானது.

வரைவு தயாரிக்கும்போது எங்கள் பிரதிநிதிகளையும் நேரில் அழைத்துக் கேட்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

நகல்: அரசு முதன்மைச் செயலாளர், மக்கள் நல்வாழ்வுத் துறை, தொழிலாளர் நலத் துறைச் செயலாளர்.