319 எடுத்தவளும் அவளுடைய அறைத்தோழிகளும்

எங்கட அறையில் நாலு பேர். மூன்று பேர் கலைப்பீடம், ஒருத்தி கணினி விஞ்ஞானம். இந்த வருசம் முழுக்க அவளுடைய விண்ணப்பங்களோடுதான் நாங்களும் குடும்பம் நடத்தினோம். அவளுடைய ஆங்கிலக் கட்டுரைக்குக் காற்புள்ளி வைச்சது நாங்கள். டொலரில் கட்டக்கூடிய வங்கி அட்டை தேடிச் சொந்தக்காரர் வீடுகளுக்கு அலைஞ்சது நாங்கள். பரீட்சை நாளன்று "இண்டைக்கு மட்டும் ஒருத்தரும் வைஃபையைத் தொடாதையுங்கோ" என்று வீட்டுக்கார அன்ரியிடம் கெஞ்சினதும் நாங்கள்தான். ஆகவே கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் பிஎச்டியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கோ.

அவள் அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள் என்று தெரிஞ்ச நாளிலிருந்து எல்லாரும் கேட்ட முதல் கேள்வி "ஜீஆர்ஈ எவ்வளவு?". இரண்டாவது கேள்வி "அந்தப் புள்ளிக்குக் காசு தருவாங்களோ?". ஏதோ புள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு யன்னலால் காசை எண்ணித் தருவார்கள் என்ற மாதிரி. அவள் சேர்ந்திருந்த ஒரு பயிற்சி வகுப்பிலும் 320க்குக் கீழே என்றால் ஃபண்டிங்கை மறந்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். முதல் தரம் 314 வந்தது. இரவிரவாக அழுதாள். பிறகு அக்காவின் சீட்டுக்காசை வாங்கி இன்னொரு தரம் எழுதினாள். 319.

ஒரு தரம் எழுத 220 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 66,000. எங்களில் இரண்டு பேருக்கு மகாபொல கிடைக்கிறது. 2025இல் மாதம் 7,500 என்று கூட்டின பிறகும் அது ஒன்பது மாதக் காசாகத்தான் இருந்தது. அந்த ஒன்பது மாதக் காசுக்கு ஐந்து புள்ளி.

அதுக்குப் பிறகுதான் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து அவள் தெரிவு செய்த ஏழு பல்கலைக்கழகங்களின் நிபந்தனைகளை வரி வரியாக வாசித்தோம். நாலு இடத்தில் ஜீஆர்ஈ வேண்டவே வேண்டாம், அனுப்பினாலும் பார்க்க மாட்டோம் என்று எழுதியிருந்தது. இரண்டு இடத்தில் விரும்பினால் அனுப்பலாம். ஒரேயொரு இடம்தான் கட்டாயம் கேட்டது. இதை முதலிலேயே வாசித்திருக்கலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். வாசிக்கத் தோன்றவில்லை. புள்ளி கேட்காத ஒரு கதவு உலகத்தில் இருக்கும் என்று எங்களில் ஒருத்திக்கும் நினைவு வரவில்லை.

அதில் எங்களைக் குற்றம் சொல்லவும் ஏலாது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் தொடங்கி உயர்தரம் வரைக்கும் எங்களைப் பற்றி நாடு கேட்ட ஒரே கேள்வி புள்ளிதான். 2001இலிருந்து இசட் புள்ளி. தசம தானத்துக்குப் பின்னால் வருகிற நாலாவது இலக்கத்தில் ஒருத்தி கம்பசுக்குப் போகிறாள், மற்றவள் வீட்டில் இருக்கிறாள். மாவட்ட ஒதுக்கீடு, பின்தங்கிய மாவட்டம் என்று எங்கட ஊரில் கதைக்கப்படுகிற கணக்குகள் எல்லாம் அந்தப் புள்ளியைச் சுற்றித்தான். அதுக்கு முந்தி, 1970களில் வந்த தரப்படுத்தல் எங்கட தாத்தாமாரின் தலைமுறைக்கு என்ன செய்தது என்று சொல்லத் தேவையில்லை. புள்ளியால் பட்ட சமூகம் நாங்கள். அதனாலேயே புள்ளியை விட்டால் வேறொன்றையும் நம்பத் தெரியாத சமூகமும் நாங்கள்தான்.

கலாநிதிப் படிப்புக்கு ஆள் எடுக்கிற விதம் வேறு. அமெரிக்காவில் கணினி விஞ்ஞானத்தில் ஓரளவு பெரிய துறை ஒன்று உங்களை பிஎச்டிக்கு எடுத்தால், வழமையாகப் படிப்புக் கட்டணமும் மாதப்படியும் சேர்த்துத்தான் எடுக்கும். அனுமதி வேறு, காசு வேறு என்று இரண்டு வரிசை பெரும்பாலும் இல்லை. அந்தக் காசு எங்கேயிருந்து வருகிறது என்பதுதான் விசயம். ஒன்று, ஒரு பேராசிரியர் தன்னுடைய ஆய்வு மானியத்திலிருந்து தருவார், நீங்கள் அவருக்கு ஆய்வு உதவியாளர். இல்லாவிட்டால் துறை தரும், நீங்கள் இளமாணி மாணவர்களுக்குக் கற்பித்தல் உதவியாளர். மூன்றாவது வழி புலமைப்பரிசில். ஆனால் அவர்களுடைய தேசிய விஞ்ஞான மன்றம் பட்டப்பின் மாணவர்களுக்குக் கொடுக்கிற பெயர்பெற்ற புலமைப்பரிசில் அமெரிக்கப் பிரஜைகளுக்கும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும் மட்டும்தான். 340க்கு 340 எடுத்தாலும் எங்களுக்கு அது இல்லை.

ஆகவே முதல் வழியை எடுத்துப் பாருங்கோ. ஒரு பேராசிரியர் ஐந்து வருசத்துக்கு ஒரு ஆளுக்குப் பொறுப்பெடுக்கிறார். சம்பளமும் கட்டணமும் அவருடைய மானியத்திலிருந்து போகும். அந்த ஆள் ஆராய்ச்சி செய்வாளா, ஒரு விசயம் ஆறு மாதம் பிழைச்சுக்கொண்டே போனாலும் விட்டுட்டு ஓடாமல் நிற்பாளா என்பதுதான் அவருடைய பயம். ஜீஆர்ஈயின் கணிதப் பகுதி இதுக்கு என்ன பதில் சொல்லும்? அது பாடசாலைக் கணிதம். உலகம் முழுக்க இருந்து பொறியியல் படித்தவர்கள் வந்து எழுதுகிறபடியால் 170க்கு 170 எடுத்தாலும் அந்தப் புள்ளி நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் கிட்டடியில்தான் நிற்கும். அத்தனை பேர் உச்சியில் நெரிஞ்சுகொண்டு நிற்கிற இடத்தில் ஆளை ஆள் பிரிச்சுப் பார்க்கிறது எப்படி? கணினி விஞ்ஞானத்துக்கென்று தனியாக இருந்த ஜீஆர்ஈ பாடப் பரீட்சையை அதை நடத்துகிற நிறுவனமே 2013இல் நிறுத்திவிட்டது. கொரோனாக் காலத்தில் பொதுப் பரீட்சையையும் பல துறைகள் கைவிட்டன, பல இடங்களில் அது திரும்பி வரவில்லை.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மோர் ஹார்ச்சல்-பால்ட்டர் கணினி விஞ்ஞான பிஎச்டிக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்காக ஒரு கையேடு எழுதியிருக்கிறார். அதில் ஒரு இடத்தில் எங்கட நண்பி வாசிக்கிறதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். "இவர் என்னுடைய வகுப்பில் நன்றாகச் செய்தார்" என்று மட்டும் சொல்கிற பரிந்துரைக் கடிதத்துக்கு அவர்கள் போடுகிற மதிப்பு பூச்சியமாம். கூட இருந்து ஆராய்ச்சி செய்வித்த ஒருவர், இந்தப் பிள்ளை என்ன செய்தாள், எங்கே மாட்டுப்பட்டாள், எப்படி வெளியே வந்தாள் என்று எழுதினால்தான் கடிதம்.

இப்ப எங்கட பக்கம் பாருங்கோ. கடிதம் கேட்டுப் போனால் "நீயே எழுதிக்கொண்டு வா, நான் கையெழுத்து வைக்கிறன்" என்கிற சேர்மார் எத்தனை பேர்? நண்பியும் அப்படி ஒரு கடிதத்தை எழுதினாள். எழுதித் தந்தது நாங்கள், உண்மையைச் சொன்னால். "மிகவும் கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், பணிவானவர்" என்று மூன்று பந்தி. கிராம சேவகரின் நற்சான்றிதழ் மாதிரி இருந்தது. அந்தச் சேரைத் திட்ட மனம் வரவில்லை. அவருக்கு வாரத்துக்கு எத்தனையோ மணித்தியால விரிவுரை, பேப்பர் திருத்தம், கூட்டம். இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு அவருக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். ஒருத்தியோடு உட்கார்ந்து ஒரு ஆய்வுக் கட்டுரையை வரி வரியாக உடைக்க அவருக்கு நேரம் தந்தது யார்? ஆனால் அவள் மூன்று மாதம் இரவிரவாக ஜீஆர்ஈ ஆங்கிலச் சொற்பட்டியல் பாடமாக்கின நேரத்தில், அதே ஆய்வேட்டில் இன்னொரு பரிசோதனை ஓட்டியிருந்தால் அவருக்கும் எழுத ஏதாவது இருந்திருக்கும். எங்களுக்கு அதில்தான் வயிறு எரிகிறது.

புள்ளிகளில் ஒன்றும் இல்லை என்று சொல்ல வரவில்லை. காசோடு நேரடியாக முடிச்சுப் போட்ட ஒரு புள்ளி இருக்கத்தான் செய்கிறது, அதை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. டோஃபலின் பேச்சுப் பகுதி. அவளுடைய மொத்தம் 101, நாங்கள் கேக் வெட்டினோம். பேச்சுக்கு மட்டும் 30க்கு 22. கற்பித்தல் உதவியாளர் வேலை தர வேண்டும் என்றால் பல மாநிலப் பல்கலைக்கழகங்கள் பேச்சுக்கென்று தனியாக 24, 26 என்று வெட்டுப்புள்ளி வைத்திருக்கின்றன. வகுப்பில் நிற்கிறவருக்கு ஆங்கிலம் பேச வரவேண்டும் என்று சில மாநிலங்களில் சட்டமே இருக்கிறது. முதல் இரண்டு வருசமும் துறைக் காசில் ஓடுகிற இடங்களில் அந்த இரண்டு புள்ளிக் குறைவு, ஜீஆர்ஈயின் ஐந்து புள்ளியை விடப் பெரிய குழி. அன்றிலிருந்து இரவு எட்டு மணிக்குப் பிறகு அறையில் ஆங்கிலம் மட்டும் என்று சட்டம் போட்டோம். முதல் கிழமை எட்டு மணிக்குப் பிறகு நாங்கள் ஒருத்தரோடு ஒருத்தர் கதைக்கவேயில்லை.

இன்னொன்று. ஜீஆர்ஈயை எடுத்தது நல்லது என்று அங்கே சொல்கிறார்கள்: காசில்லாதவர்களைத் தடுக்கிற பரீட்சை, ஆராய்ச்சித் திறமையை அளக்காத பரீட்சை. சரிதான். ஆனால் கைதட்டுவதற்கு முந்தி நாங்கள் கொஞ்சம் யோசித்தோம். மொரட்டுவையை அங்கே சில பேராசிரியர்களுக்குத் தெரியும், அங்கே படித்தவர்கள் ஏற்கெனவே போய் நல்ல பெயர் எடுத்திருக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிற பொறியியற் பீடத்தையோ வவுனியாவையோ எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிவுக் குழுவில் இருக்கிறவர் பெறுபேற்று அட்டையைப் பார்த்து இங்கே எடுத்த 3.7 என்றால் என்ன என்று அறிய ஒரு வழியும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்கு, அறிமுகம் தேவைப்படாத ஒரேயொரு பொருளாக அந்தக் கேவலமான இலக்கம் இருந்தது. அதை எடுத்துவிட்டு, கடிதமும் ஆய்வுக் கட்டுரையும் போதும் என்றால் யாருக்கு வசதி? ஆய்வுகூடம் உள்ளவர்களுக்கு, கோடை விடுமுறையில் பேராசிரியரோடு வேலை செய்யக் கிடைத்தவர்களுக்கு, அந்தப் பேராசிரியரின் பெயர் அங்கே தெரிந்தவர்களுக்கு. அதனால்தான் விரும்பினால் அனுப்பலாம் என்று சொல்கிற இடங்களுக்கு 319ஐ அனுப்பச் சொல்லி நாங்கள் பிடிவாதம் பிடித்தோம். கணிதத்தில் அவளுக்கு 167. வாய் திறந்து சொல்லட்டும்.

புள்ளிக்கு எட்டாத வேறு கணக்குகளும் இருக்கின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் ஒருவருக்கு வருசத்துக்கு 15,102 டொலர் மேலதிகக் கட்டணம். வேறு மாநிலத்து அமெரிக்கர் ஒரு வருசத்தில் கலிபோர்னியவாசி ஆகிவிடலாம், மாணவர் விசாவில் போனவர் ஆக முடியாது. பிஎச்டி தகுதிகாண் கட்டம் தாண்டும்வரை அதை யாரோ ஒருவர் கட்ட வேண்டும். ஒரே மானியத்தோடு இரண்டு விண்ணப்பத்தைப் பார்க்கிற பேராசிரியரின் மனதில் அது ஓடாமல் இருக்குமா? 2025இல் அரசாங்க ஆராய்ச்சிக் காசில் கைவைச்ச பிறகு சில பல்கலைக்கழகங்கள் பிஎச்டிக்கு எடுக்கிற தொகையையே குறைத்தன. மே மாதக் கடைசியில் மாணவர் விசா நேர்முகத்துக்குப் புதிய நாள் கொடுப்பதையே சில கிழமைகளுக்கு நிறுத்தி வைத்தார்கள். அந்தக் கிழமைதான் அவள் முதல் ஜீஆர்ஈக்குக் காசு கட்டினாள்.

ஜேர்மனி, நெதர்லாந்துப் பக்கம் ஏன் பார்க்கவில்லை என்று ஒரு அண்ணா கேட்டார். பார்த்தோம். அங்கே பிஎச்டி என்பது சம்பளத்தோடு ஒரு வேலை, ஜீஆர்ஈ பேச்சே இல்லை. ஆனால் பெரும்பாலும் முதுமாணி முடித்திருக்க வேண்டும். அவளிடம் இளமாணி மட்டும்தான். அது அடுத்த வருசக் கதை.

ஆகவே விண்ணப்பிக்க யோசிக்கிற தங்கச்சி தம்பிமாருக்கு நாங்கள் சொல்லக்கூடியது: இரண்டாம் வருசத்திலேயே ஒரு சேரையோ மிஸ்ஸையோ பிடியுங்கோ, ஒரு சின்ன ஆய்வு வேலையில் தொங்குங்கோ. அந்த 66,000ஐத் தொடுவதற்கு முந்தி ஒவ்வொரு துறையின் நிபந்தனையையும் வாசியுங்கோ. போய்ச் சேர்ந்த அண்ணா அக்காமாரும் ஊருக்கு வந்தால் எத்தனை எடுத்தம் என்று சொல்வதோடு நிறுத்தாமல், யாரோடு வேலை செய்தோம், யார் கடிதம் எழுதினது, காசு எந்தப் பையிலிருந்து வருகிறது என்றும் சொல்லுங்கோ.

டிசம்பர் 15 கடைசி நாள். எங்கட மூன்று பந்தி நற்சான்றிதழைக் கிழித்தாயிற்று. அதுக்குப் பதிலாக அவளுடைய ஆய்வேட்டில் என்ன செய்தாள், எது பிழைச்சது, பிறகு எதை மாற்றினாள் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறோம், சேர் அதைப் பார்த்துத் தன்னுடைய வார்த்தையில் எழுதட்டும் என்று. மூன்று கடிதத்தில் இரண்டு போய்விட்டது. அவர் இன்னும் ஃபோன் எடுக்கிறார் இல்லை. நாளைக்கு விடிய எட்டு மணிக்கு நாலு பேருமாக அவருடைய அறை வாசலில் போய் நிற்கப் போகிறோம்.