சித்திரை மாதத்துச் சோதிடர்கள்

ஒவ்வோராண்டும் ஏப்ரல் மாதத்தில் அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகைகளில் ஒரு சோதிடப் படலம் அரங்கேறுகின்றது. பல்கலைக்கழக அணியொன்று தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடும் வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அடுத்து வரும் பருவத்தில் அந்த அணி எத்தனை போட்டிகளில் வெல்லும், எந்தக் கிண்ணத்தைத் தூக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகின்றார்கள். அந்த ஒரு பிற்பகலைக் கொண்டு ஓர் அணியின் எதிர்காலத்தைக் கணிப்பது பத்திரிகைத் தொழில் அன்று, விளம்பரத் தொழில். அதனைச் செய்பவர்கள் நம் தொழிலைச் சேர்ந்தவர்கள் என்பதாலேயே இதனை எழுத வேண்டியிருக்கின்றது.

இவ்விளையாட்டுக்குப் புதியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நாம் அறிந்த உதைபந்தாட்டம் வேறு. இது பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும் முன்னேறும் அமெரிக்க உதைபந்தாட்டம். குவாட்டர்பாக் எனப்படும் வீரரே தாக்குதலை நெறிப்படுத்துபவர். பந்தை எறிபவரும் பெரும்பாலும் அவரே. அவருக்கு முன்னால் ஐந்து வாட்டசாட்டமான வீரர்கள் அரணாக நின்று, எதிரணியினர் அவரை நெருங்காதவாறு தடுப்பர். பல்கலைக்கழக அணியொன்றுக்குப் பருவத்தில் வழமையான போட்டிகள் 12. வசந்தகாலத்தில் 15 பயிற்சி அமர்வுகளுக்கு தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கம் அனுமதிக்கின்றது. அவற்றின் நிறைவாக, இரசிகர்களுக்கு மைதானத்தைத் திறந்துவிட்டு நடத்தப்படுவதே இந்தப் பயிற்சி ஆட்டம்.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். 2022 இல் 12 போட்டிகளில் ஒன்றே ஒன்றில் வென்ற அணி அது. அவ்வாண்டு டிசெம்பரில் முன்னாள் தொழில்முறை நட்சத்திரமான டியோன் சாண்டர்ஸ் தலைமைப் பயிற்றுவிப்பாளரானார். 2023 ஏப்ரல் 22 அன்று, பனி தூவிக்கொண்டிருந்த போல்டர் நகர மைதானத்தில் பயிற்சி ஆட்டம் நடைபெற்றது. 47,277 பேர் கூடினர். நாடெங்கும் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. பயிற்றுவிப்பாளரின் மகனும் குவாட்டர்பாக்குமான ஷெடூர் சாண்டர்ஸ் எறிந்த பந்தை மொன்டானா லெமோனியஸ்-கிரெய்க் பிடித்து ஓட, 98 யார் தூரத்தை ஒரே நகர்வில் கடந்து புள்ளிகள் சேர்ந்தன. அன்றைய நாயகன் அவர்தான்.

அந்த நாயகன் அடுத்த சில நாட்களிலேயே அணியை விட்டு விலகினார். செப்டெம்பரில் அவர் அணிந்தது அரிசோனா பல்கலைக்கழகத்தின் சீருடையை. நவம்பரில் அதே போல்டர் மைதானத்துக்கு வந்து 34-31 என்ற புள்ளிக் கணக்கில் கொலராடோவைத் தோற்கடித்ததும் அதே அரிசோனாதான். பயிற்சி ஆட்டத்தை வைத்து அணியை எடைபோட்டவர்கள், அந்த அணியில் இராத ஒருவரையும் சேர்த்தே எடைபோட்டிருந்தார்கள்.

பருவம் தொடங்கியதும் முதல் மூன்று போட்டிகளிலும் கொலராடோ வென்றது. முதலாவது வெற்றி, அவ்வாண்டு ஜனவரியில் தேசிய இறுதிப்போட்டியில் ஆடிய டெக்ஸாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 45-42. சோதிடர்கள் மார்தட்டிக்கொண்டார்கள். பின்னர் ஒரிகன் அணி 42-6 என்று நொறுக்கியது. ஸ்டான்போர்டுக்கு எதிராக இடைவேளையின்போது 29-0 என முன்னிலையில் இருந்தும் கொலராடோ தோற்றது. பருவ முடிவில் 4 வெற்றிகள், 8 தோல்விகள். முதல் நாளில் வீழ்த்தப்பட்ட அந்தப் பெரிய அணியும் 5 வெற்றிகளோடு பருவத்தை முடித்துக்கொண்டது.

கொலராடோவின் வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் தலையாய காரணம் அரணாக நின்ற முன்வரிசையின் பலவீனம். அந்தப் பருவத்தில் ஷெடூர் சாண்டர்ஸ் பந்தோடு 52 தடவைகள் நிலத்தில் வீழ்த்தப்பட்டார். இந்தப் பலவீனத்தை ஏப்ரலில் ஏன் எவரும் காணவில்லை? காண இயலாது என்பதே விடை. பயிற்சி ஆட்டங்களில் குவாட்டர்பாக் வேறு நிறச் சட்டை அணிந்து நிற்பது வழக்கம். அவரைத் தொட்டு வீழ்த்தக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. எதிரே வருபவர் அவரை நெருங்கியதும் நடுவர் ஊதுகுழலை ஊதிவிடுவார். அரண் உடைந்ததா, உறுதியாக நின்றதா என்பதற்கு அங்கே சோதனையே இல்லை. ஓர் அணியை வாழவைக்கும் அல்லது சாகடிக்கும் அம்சம் எதுவோ, அதனை மறைத்து நடத்தப்படும் ஆட்டத்தை வைத்துத்தான் ஆரூடம் சொல்கின்றார்கள்.

வேறு காரணங்களும் உண்டு. ஆடும் இரு பக்கமும் ஒரே அணி. எறிந்த பந்து இலக்கை அடைந்தால், எறிந்தவர் வல்லவரா, தடுக்கத் தவறியவர் திறமையற்றவரா? எவ்வாறு பார்த்தாலும் அணிக்கு ஓர் இலாபமும் ஒரு நட்டமும் சேர்ந்தே வருகின்றன. எதிரணிப் பயிற்றுவிப்பாளர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதால் உண்மையான உத்திகள் எவையும் வெளியே எடுக்கப்படுவதில்லை. காயமடைந்தவர்கள் ஓரமாக அமர்ந்திருப்பர். புதிய மாணவர்கள் பலர் கோடையில்தான் வந்து சேர்வார்கள்.

2007 இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் நடந்ததும் நினைவுகூரத் தக்கது. எட்டு ஆண்டுகளுக்கு 32 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தில் நிக் சேபன் பயிற்றுவிப்பாளராக வந்தார். அவருடைய முதலாவது பயிற்சி ஆட்டத்துக்கு 92,138 பேர் வந்து மைதானத்தை நிரப்பினர். அவ்வாண்டு அணி பெற்றது 7 வெற்றிகள், 6 தோல்விகள். லூசியானா-மன்ரோ என்ற சிறிய அணியிடம் சொந்த மைதானத்திலேயே 21-14 என்று தோற்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2009 பருவத்தில், ஒரு தோல்வியும் இன்றித் தேசியக் கிண்ணத்தை வென்றது. அந்த எழுச்சிக்கு அடித்தளம், நல்ல வீரர்களை ஆண்டு தோறும் தேடிச் சேர்த்த சலியாத உழைப்பு. அதனைப் பயிற்சி ஆட்டத்தின் புள்ளிப் பலகையில் எவரும் வாசித்திருக்க முடியாது.

இவையெல்லாம் விளையாட்டுச் செய்தியாளர்களுக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்துகொண்டே எழுதுகின்றார்கள். ஏப்ரலில் வேறு ஆட்டம் இல்லை. பக்கத்தை நிரப்பியாக வேண்டும். பருவச் சீட்டு விற்பனைக்கு நம்பிக்கை என்ற சரக்கு தேவை. பயிற்றுவிப்பாளரைச் சந்தேகித்து எழுதினால் அடுத்த தடவை அறைக்கதவு திறக்காது. ஆகவே எல்லா அணிகளும் ஏப்ரலில் முன்னேறுகின்றன. எல்லாக் குவாட்டர்பாக்குகளும் முதிர்ச்சி அடைகின்றனர். ஆனால் ஒரு போட்டியில் ஒருவர் வென்றால் மற்றவர் தோற்றே ஆகவேண்டும் என்பது எளிய கணக்கு. எல்லோரும் முன்னேறும் பருவம் ஒன்று இருக்க முடியாது.

இந்தக் கணிப்புகளால் யாருக்கு என்ன தீங்கு என்று சிலர் கேட்கக்கூடும். தீங்கு உண்டு. கொலராடோவின் ஆட்டம் முடிந்த சில நாட்களில் வீரர்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். சிலர் தாமாகச் சென்றனர், பலர் அனுப்பப்பட்டனர். புதிய பயிற்றுவிப்பாளருக்கு விதிகள் அதற்கு இடமளித்தன. அவர்கள் பத்தொன்பது, இருபது வயது மாணவர்கள். பாடங்களைப் பாதியில் விட்டு வேறு பல்கலைக்கழகம் தேடவேண்டிய நிலை. இதனைப் பத்திகளிற் பலவும் வீட்டைக் கூட்டிப் பெருக்கியதைப் போல எழுதின. அந்த மாணவர்கள் எங்கே போனார்கள், படிப்பு என்னவாயிற்று என்பவையே அந்த ஏப்ரலின் உண்மையான செய்திகள். அவற்றைத் தேடிச் செல்லவேண்டிய பேனாக்கள் அணிக்குக் கிடைக்கப்போகும் வெற்றிகளை எண்ணிக்கொண்டிருந்தன.

சாண்டர்ஸுக்கு நியாயம் செய்யவேண்டுமாயின், 2024 இல் அவருடைய அணி 9 வெற்றிகள் பெற்றதையும், ட்ரவிஸ் ஹன்டர் அவ்வாண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை வென்றதையும் சொல்லவேண்டும். 2025 இல் மீண்டும் 3 வெற்றிகளுக்கு இறங்கியதையும் சொல்லவேண்டும். இந்த ஏற்றத்தையோ இறக்கத்தையோ எந்தப் பயிற்சி ஆட்டமும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இப்போது இந்த ஆட்டமே அருகிவருகின்றது. 2024 இல் ஏறக்குறைய 60,000 பேர் கண்டுகளித்த ஆட்டத்தை நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 2025 இல் கைவிட்டது. தொலைக்காட்சியில் தம் வீரர்களைப் பார்த்த ஏனைய அணிகள் அவர்களை இழுத்துக்கொள்ள முயன்றன என்பது பயிற்றுவிப்பாளர் மட் ரூலின் முறைப்பாடு. முந்திய பருவத்தில் 16 போட்டிகள் ஆடிய டெக்ஸாஸ் அணியும் அவ்வாண்டு ஆட்டத்தை நிறுத்தியது. வீரர்கள் ஏப்ரலில் அணி மாறுவதற்கு இருந்த வாய்ப்பை 2026 முதல் விதி நீக்கிவிட்டது. ஆகவே ரூல் சொன்ன காரணமும் பெருமளவு வலுவிழந்துவிட்டது.

இந்த ஆட்டம் ஒழியவேண்டும் என்று நான் வாதிடவில்லை. பருவப் போட்டிகளுக்குச் சீட்டு வாங்க வசதியற்ற குடும்பங்கள் பிள்ளைகளோடு மைதானத்துக்குள் நுழையும் நாள் அது. நான்கு ஆண்டுகள் பயிற்சியில் அடிபட்டும் ஒரு போட்டியிலேனும் களமிறங்காத மாணவன், பெற்றோர் பார்த்திருக்கப் பந்தைத் தொடும் நாள் அது. அந்த அளவில் அது ஒரு நல்ல திருவிழா. திருவிழாவைத் திருவிழா என்று எழுதுவோம்.

அணியின் வாய்ப்புகளை எடைபோட விரும்பும் செய்தியாளர் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. முன்வரிசையில் ஒன்றாக ஆடிப் பழகியவர்கள் எத்தனை பேர்? ஒருவர் காயமடைந்தால் மாற்றாள் யார்? வெளியூர்ப் போட்டிகள் எப்போது, எவருடன்? பயிற்றுவிப்பாளரின் முறைக்குப் பழக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? 2023 இல் 3 வெற்றிகள் மட்டுமே பெற்ற இந்தியானா பல்கலைக்கழகம் 2024 இல் 11 வெற்றிகள் பெற்றது. புதிய பயிற்றுவிப்பாளர் கேர்ட் சிக்னெட்டி, ஜேம்ஸ் மடிசன் பல்கலைக்கழகத்தில் தம்மோடு வென்று பழகிய வீரர்கள் பலரைக் கூடவே அழைத்துவந்திருந்தார். அந்த விபரம் பயிற்சி ஆட்டத்துக்குப் பல வாரங்களுக்கு முன்னரே பகிரங்கமாகக் கிடந்தது. அதனைத் தேடி எடுக்க மைதானத்துக்குப் போகவேண்டியதில்லை. பெயர்ப்பட்டியலைப் பொறுமையாக வாசித்திருந்தாற் போதும். அந்தப் பொறுமைக்குத்தான் பத்திரிகையாளனுக்குச் சம்பளம் கொடுக்கின்றார்கள்.